மனுவில் ஒரு கொக்கி

"கொக்கியை மட்டும் எடுக்க மாட்டேன், மச்சான்!"

ராயபுரம் டிராமில் என் முன் பெஞ்சில் இருந்தவர் இப்படிச் சொன்னதும் நான் பேப்பரை மடித்தேன். கோடவுனில் மூட்டை தூக்குபவராம், வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு இங்கிலீஷில் டைப் அடித்த மனு அவர் கையில் இருந்தது. கடைசியில் ஒரு கேள்விக்குறி.

"ஹெட் கிளார்க் அத்த அடிச்சிட்டுப் புள்ளி வெச்சாத்தான் தொரைகிட்ட குடுப்பானாம். கொக்கி போட்டா மருவாதி இல்லியாம்."

"வெச்சுத் தொலையேன் மாமு. புள்ளிதானே? வேலை ஒரேயடியாப் போயிடப் போவுது," என்றார் பக்கத்தில் இருந்த மச்சான்.

"டைப் அடிச்சவரு இன்னா சொன்னாரு? கேட்டா கொக்கி, முடிஞ்சா புள்ளி. எனக்கு இன்னும் முடியல. கொக்கி மாட்டாம எந்த மூட்டைடா மேல ஏறிச்சு?"

"அப்போ மருவாதி?"

"அதான் மேல சார்னு போட்டு கமா வெச்சுக்கீதே. அது போதும்."

இருபது வருஷமாக மேலதிகாரிகளுக்கு இங்கிலீஷில் எழுதிவரும் நான் ஒரு கேள்விக்குறிகூடப் போட்டதில்லை. வெளியே வேடிக்கை பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"தொரை பதிலே சொல்லலன்னா இன்னா பண்ணுவே?"

"நாளைக்கு ரெண்டு கொக்கி போட்டு எடுத்தாருவேன்."