உப்பிப்போன பேட்டரி

ராஜவேல்: தள்ளுங்க மாமா, கழட்டிடறேன். லேப்டாப்புல டச்பேட் எப்டித் தூக்கிட்டு நிக்குது பாருங்க!

ஹரிஷ்: கைய எடு மச்சான். லேசா உப்பியிருக்கு, அவ்ளோதான்.

ராஜவேல்: லேசா உப்பறதுக்கு அது என்னா, பூரியா? உள்ள கேஸு மாமா. சூடு ஜாஸ்தியானா குப்புன்னு பத்திக்கும்.

ஹரிஷ்: அப்ப எடுத்துட்டுப் போயி, ஏதாவது பண்ணி உயிர் குடுத்துப் பாரு. ஃப்ரீசர்ல வெச்சா எழுந்துக்குமாமே... ஒரு மாசம் ஆனாலும் பரவால்ல.

ராஜவேல்: செத்தத எழுப்புனா பேயாத்தான் வரும். நல்ல பேட்டரி கையோட கொண்டாந்திருக்கேன். ஓசி.

ஹரிஷ்: ஓசியா? எங்கம்மா போனுக்குக் கிளாஸ் ஒட்டுனதுக்கே பில்லு போட்டவனாச்சே நீ!

ராஜவேல்: அது... பயமா இருக்கு மாமா. அக்கா போன்ல சொன்னதும் சிதம்பரத்துல கடைய மூடிட்டு மொத பஸ்ஸுல கடலூர் ஓடியாந்தேன். அக்காவும் கொழந்தையும் இருக்கற வீடு...

ஹரிஷ்: கத்தாதடா, அவ சமையக்கட்டுல இருக்கா. எனக்குப் பேட்டரி வேணாம்.

ராஜவேல்: ஏன்?

ஹரிஷ்: தெருவுல கேபிள் வேலை. ரெண்டு மாசமா தெனம் பன்னண்டுலேர்ந்து ஒண்ணு வரைக்கும் கரண்ட் இல்ல.

ராஜவேல்: அதுக்குத்தான பேட்டரி!

ஹரிஷ்: அதுக்குத்தான் வேணாங்கறேன்! வீட்டுலேர்ந்து பாக்கற வேலை, கரண்ட் போனாத்தான் மேனேஜர் தொல்லை இல்ல. அந்த ஒரு மணி நேரந்தான் ஒங்கக்காகூட ஒக்காந்து சோறு திங்கறேன். கல்யாணமாயி நாலு வருசத்துல இப்பத்தான்டா அவ சிரிச்சுப் பேசறதப் பாக்கறேன்.

ராஜவேல்: இத அக்காகிட்டயே சொல்றதுதான?

ஹரிஷ்: ஐயையோ! வேலைய ஏமாத்தறீங்களான்னு ஆடித் தீத்துடுவா. மூச்சு உட்டுடாத.

ராஜவேல்: சரி, இதக் கழட்டிடறேன். பேட்டரியே இல்லாம ஒயர்ல ஓட்டுங்க. கரண்ட் போனா லேப்டாப்பும் போயிடும்.

ஹரிஷ்: அட! மச்சான்னா நீதான்டா மச்சான். ஆமா... வாங்கி ஒரு வருசங்கூட ஆவல, அதுக்குள்ள எப்டிடா செத்துச்சு?

ராஜவேல்: அந்த ஸ்க்ரூடிரைவர எங்க வெச்சேன்?

ஹரிஷ்: என்னடா முழிக்கற?

ராஜவேல்: ஒங்களது சாவல மாமா. இதோ, இந்தப் பையில இருக்கறதுதான். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வந்தப்ப கழட்டிட்டு, கடையில கெடந்த செத்தத மாட்டிட்டுப் போனேன். இப்டி உப்பும்னு நெனைக்கல. அக்காதான் கெஞ்சுனாங்க... "கரண்ட் போற நேரத்துலயாவது அவரு எங்கூட ஒக்காந்து சாப்புடட்டும்டா"ன்னு.