ஜன்னலில் ஒட்டிய அம்புக்குறி

காலை நேர டவுன் பஸ். நல்லூரில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே பனியன் கம்பெனியின் அடையாள அட்டை. சின்னவள் சொன்னாள்: "எட்டுக்கால்பூச்சி, அது கட்டுன வலைய அதுவே தின்னுபோடுதுங்க்கா."

"ஏ யம்மா! நீ பாத்தியா?" மூத்தவள் பேச்சில் திருநெல்வேலி இருந்தது.

"எங்கூட்டு ஜன்னல்லயே பாத்தனுங்க. எத்தன அழகான வலை! இழைக்கு இழை ஒரே எடைவெளி. நாள் பூரா செக்கிங் டேபிள்ல ஓட்டை தேடற கண்ணுங்களா, ஒரு எடத்துல பிஞ்சிருந்தது தெரிஞ்சுபோச்சு. பழுதுக்குப் பக்கத்துல ஒட்டுவமே, அந்த அம்புக்குறி ஸ்டிக்கரு, பையில கெடந்துச்சு. என்னைய அறியாம கண்ணாடில ஒட்டிப்போட்டேன்."

"பூச்சிக்குமா ரிஜெக்ட்டு போட்ட?"

"காத்தால பாத்தா பழைய வலையே இல்லீங்க. தின்னுபோட்டு, புதுசாக் கட்டி வெச்சிருக்குது. தின்ன நூலு வயித்துல கரைஞ்சு மறுக்காவும் நூலாவே வருமுன்னு எம் புள்ள சொல்றா."

"அப்ப வேஸ்ட்டே கெடையாதா? நம்ம கம்பெனி வாசல்ல மூட்டை மூட்டையால்லா கெடக்கு!"

"அதுக்கு எல்லாம் வயித்துக்குள்ளயேதானுங்க."

சின்னவள் பஸ் ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினாள்.

"புது வலையில அம்புக்குறி காட்டுன எடத்த உத்து உத்துப் பாத்தேன். ஒரு கொறை சொல்ல முடியலீங்க. பன்னெண்டு வருசமா செக்கிங்ல இருக்கறேன். ஒட்டுன ஸ்டிக்கர நானே உரிச்சது இதுதானுங்க மொதத் தடவை."