சூரியன் சாயும் நேரத்தை எழுதி வைத்தவர்

கடற்கரையின் காரிருளுக்கு முப்பத்துநான்கு ஆண்டுகள் காவல் நின்றவரும், கடமையிலும் கண்ணியத்திலும் எங்களுக்கு மூத்தவருமான மின்பணியாளர் தி. கோதண்டம் அவர்களின் பணி நிறைவு நாளில், எண்ணூர் நெடுஞ்சாலையோரத்து எங்கள் படகுத்துறையில் கூடியிருக்கும் அனைவர் முன்னும் படித்தளிக்கும் மடல்.

அலைத்தடுப்புச் சுவரின் முனையில் எரியும் விளக்கே அவர் பொறுப்பு. பூமி தன்னைத்தானே சுழல்வதால் பகலும் இரவும் வருகின்றன என்பதை நாம் பள்ளியோடு மறந்தோம். அவர் அன்றாடம் அந்தச் சுழற்சிக்கு விளக்கேற்றினார். சாய்ந்த அச்சோடு பூமி சூரியனைச் சுற்றுவதால், ஆனியில் நாம் வாழும் வடபாதி சூரியன் பக்கம் சாய்ந்து மாலை நீள்வதையும், கார்த்திகையில் விலகிச் சாய்ந்து பொழுது சுருங்குவதையும் அவர் கண்ணால் கண்டறிந்தவர்.

அந்த அறிவே அவரை வதைத்தது.

ஓர் ஆனி மாதத்தில் விளக்குக்குத் தானியங்கிக் கடிகாரம் பொருத்தினார்கள். ஆண்டு முழுவதும் ஆறரைக்கு எரியவேண்டும் என்று உத்தரவு. ஐப்பசி வந்ததும் கோதண்டம் பொறியாளரிடம் போனார்.

"சார், இப்பல்லாம் ஆறு மணிக்கே இருட்டிக்கினு வருது. டைம மாத்தணும்."

"ஆர்டர்ல இருக்கிறதைச் செய்."

கோதண்டம் தன் கையாலேயே சுவிட்சைப் போட்டுவந்தார். அதற்கு மெமோ வந்தது. இரண்டு மகள்கள் படித்துக்கொண்டிருந்த வீடு; வேலை போனால் தாங்காது. அடுத்த ஆண்டு அவர் சுவிட்சைத் தொடவில்லை.

கார்த்திகை முதல் வாரம். மேகம் மூடிய மாலை. ஐந்தே முக்காலுக்குள் சூரியன் மறைந்தது. ஆறேகாலுக்குத் திரும்பிய எத்திராஜின் ஃபைபர் படகு, கண்ணுக்குத் தெரியாத சுவரில் மோதியது. கோதண்டம் சுவிட்சறைக்கு ஓடினார். விளக்கு எரிந்தபோது கவிழ்ந்த படகு மட்டுமே தெரிந்தது. எத்திராஜின் உடல் மறுநாள் கரை ஒதுங்கியது.

எத்திராஜின் மனைவி கன்னியம்மா நேரே கோதண்டத்திடம் வந்தார்.

"எப்ப இருட்டும்னு உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

கன்னியம்மா திரும்பி நடந்தார். கோதண்டம் அன்று சோறு உண்ணவில்லை.

விசாரணையில் தப்பிக்க அவருக்கு வழி இருந்தது. உத்தரவைக் காட்டினால் போதும். அவர் சொன்னது இது: "வானிலையும் இல்ல, கடலும் இல்ல. லைட்டு லேட்டா எரிஞ்சிச்சு. தெரிஞ்சுக்கினே சும்மா இருந்தேன். எழுதிக்கோங்க சார்."

பதினான்கு மாதம் பணியிடை நீக்கத்தில் இருந்தார். பதவி உயர்வு போயிற்று. திரும்பி வந்தவர், சூரியன் மறையும் நேரத்தை வாரவாரியாக எழுதி மனுவாக அனுப்பிக்கொண்டே இருந்தார். ஏழாவது மனுவுக்குத்தான் உத்தரவு மாறியது. இன்று விளக்கு அந்த அட்டவணைப்படி எரிகிறது. அதன்பின் அச்சுவரில் எந்தப் படகும் மோதவில்லை.

இவ்விழாவுக்கு அழைக்கப் போனபோது கன்னியம்மா, "அவரு சொல்லவேண்டியத சொல்ட்டாரு. நீங்க இன்னும் சொல்லல" என்றார். உண்மை. அன்று விசாரணையில் 'வானிலையே காரணம்' என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒன்பது பேரில் ஐவர் இங்கே இருக்கிறோம். விளக்கு தாமதமாக எரிந்தது. எங்களுக்கும் தெரிந்திருந்தது.

கோதண்டம் அவர்கள் உடல்நலத்தோடு நெடுநாள் வாழ்க. மாலைகளில் கடிகாரம் பார்க்காமல் அமர அவருக்கு வாய்க்கட்டும்.

இங்ஙனம்,
டில்லிபாபு, பவானி, அத்தாவுல்லா, சில்வியா, பிரகாஷ்
படகுத்துறைப் பணியாளர்கள்