நாலு புள்ளி ஒண்ணு

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவன் கழுத்தில் ஷூ கம்பெனி ஐடி கார்டு. சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்து, பெருமையாகச் சொன்னான்.

"நாலு புள்ளி ஒண்ணு. தோலு தடிப்பு பாக்குற கேஜ்ல ரெண்டு வாட்டி வச்சுப் பாத்துட்டேன்."

எட்டிப் பார்த்தேன். பஞ்சின் மேல் மிளகளவு சிறுநீரகக் கல்.

"கல்லுதான் தானா வந்துடுச்சே சாந்தி, இன்னாத்துக்கு மறுபடி ஸ்கேனு? பள்ளிகொண்டால எறங்கி ரிட்டன் பஸ் புடிச்சா, மதியமே வேலைக்குப் போய்டலாம்."

"போன மாசம் ஸ்கேன்ல எவ்ளோ சொன்னாங்க?"

"ஆறு மில்லிமீட்டர்."

"தோலோட வர்ற சீட்டுல ஒரு அளவு போட்டு, கேஜ்ல கம்மியா காட்னா அந்தத் தோல இன்னா பண்ணுவீங்க?"

"தனியா எடுத்து வச்சு, மறுபடி செக் பண்ணச் சொல்லுவேன்."

"அதான் நானும் சொல்றேன். மீதி உள்ள இருக்குதான்னு பாக்கட்டும். இந்தாங்க, தண்ணிய குடிங்க. அடிவயிறு முட்டுனாத்தான் ஸ்கேன் எடுப்பாங்க."

பள்ளிகொண்டா வந்தது. அவன் எழவில்லை. முனகிக்கொண்டே பாதி பாட்டிலைக் குடித்துவிட்டு மூடியைத் திருகினான்.

பஸ் கிளம்பியதும் அவள் கேட்டாள்.

"அந்த கேஜ் யாருது?"

"சூப்பர்வைசருது. யார் கையிலயும் குடுக்க மாட்டாரு. அவரு சாப்பிடப் போனப்போ எடுத்தேன்."

"கல்ல கழுவிட்டுத்தான அளந்தீங்க?"

அவன் அவசரமாக மூடியைத் திறந்து, மீதித் தண்ணீரையும் குடிக்க ஆரம்பித்தான்.