ஒட்டிக்கொண்ட ‘பாருடா’

– நகத்தைக் கடிக்காதக்கா. விரலையும் சேர்த்துத் தின்னுடுவ போல.

– என் வயித்தெரிச்சல் உனக்கு விளையாட்டா இருக்காடா? பாப்பா பொறந்ததுலேர்ந்து எடுத்த படம் அத்தனையும்! கம்ப்யூட்டர்ல இன்னொரு பிரதி இருக்குன்னு நம்பி போன்ல அழிச்சேன். அங்க போய்ப் பார்த்தா துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. நான் ஒழுங்கா ஏத்தவே இல்ல போல. உன் மாமாகிட்ட என்னன்னு சொல்வேன்?

– அதான் ஒவ்வொரு படத்தையும் நெட்ல ஏத்தி, அதோட முகவரியை எனக்கு அனுப்பிக்கிட்டே இருந்தியே. நம்ம சாட் மொத்தத்தையும் எழுத்தா இறக்கிட்டேன்.

– அதுல என் புலம்பல்தானே மலையா கிடக்கும்!

– அதை யாரு படிக்கப் போறா? ரெகுலர் எக்ஸ்பிரஷன்னு ஒண்ணு இருக்கு. எந்த மாதிரி எழுத்தைப் பொறுக்கணும்னு புரோகிராம்ல ஒரே வரியில சொல்லிடலாம். நெட் முகவரி எல்லாம் ‘எச்.டி.டி.பி.’ன்னுதானே ஆரம்பிக்கும், அதைப் பிடி, இடைவெளி வர்ற வரைக்கும் எடுன்னு சொன்னேன். எடுத்துடுச்சு.

– அப்புறம் என்னடா?

– ஒண்ணுகூடத் திறக்கல.

– ஐயோ போச்சு! எல்லாம் போச்சு!

– கத்தாதக்கா. இந்த முகவரி கடைசியில என்ன இருக்கு, நீயே படி.

– ‘பாருடா’. இதுல ‘சிரிக்கிறாடா’... இது நான் எழுதினதுல்ல?

– நீயேதான். இடைவெளியே விடாம முகவரியோட ஒட்டி எழுதி வச்சிருக்க. அது அதையும் சேர்த்து முழுங்கிடுச்சு.

– பாப்பா குப்புற விழுற நேரத்துல நான் இடைவெளி பார்த்துக்கிட்டு இருப்பேனாடா?

– சரி சரி. இங்கிலீஷ் எழுத்து, எண்ணு, முகவரியில வர்ற குறிங்க, இதை மட்டும் எடு. தமிழ் எழுத்தைப் பார்த்ததும் நின்னுடுன்னு மாத்திட்டேன். இப்ப நீயே அமுக்கு.

– இரு, அமுக்குறேன்... டேய்! தலையைத் தூக்கிப் பார்க்கிறாடா! இது மொதப் பல்லு! அப்பாடா... என் வயித்துல பாலை வார்த்தடா தம்பி.

– அழாதக்கா, கீபோர்டு நனையுது.

– அழுதா அழுதுட்டுப் போறேன், போடா. உன் மாமாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத.

– அவர்தான் கூப்பிடுறாரு. ஸ்பீக்கர்ல போடுறேன், நீ வாயைத் திறக்காத. சொல்லுங்க மாமா.

– மச்சான், உங்க அக்கா பக்கத்துல இல்லையே? கம்ப்யூட்டர்ல இடம் பத்தலைன்னு பாப்பா படத்தையெல்லாம் அழிச்சுட்டேன்டா, அதான் அவ போன்ல இருக்கேன்னு. காலையில அவ குளிக்கும்போது திருட்டுத்தனமா போனை எடுத்துப் பார்த்தா, அதுலயும் ஒண்ணுகூட இல்ல. நான் அழிச்சது அங்கேயும் போய் அழிச்சுடுச்சுடா!