ஓட்டுக்கு ஒரு ஆம்லெட்

...நீங்களே சொல்லுங்க தம்பி, இந்த ஞாயம் எந்த ஊர்ல கீது? என் துட்டு. நான் போட்ட துட்டு, ரெண்டு லட்சம். அத எனக்கே குடுக்க மாட்டானாம், அஞ்சு வருஷம் ஆவணுமாம். உக்காருங்க, பைய பெஞ்சு மேல வெச்சுட்டு ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. ரத்னா, தம்பிக்கு எல போடு. மீன் கொழம்பு கீது, சாம்பார் கீது. மீனா? ரத்னா, மீனு.

இந்த பில்டிங்கு முன்ன சின்னப்பையன் அண்ணனுது. கீழ என் மெஸ்ஸு, பக்கத்துல யாக்கோபோட செல்போன் கடை, மேல ரெண்டு மாடியும் ஃபேக்டரி பொண்ணுங்க தங்குற ரூமு. அண்ணன் வித்துட்டு பையனோட திருச்சிக்குப் பூட்டாரு. வாங்கினது ஒரு கம்பெனி. வாங்கினவன் சும்மா கீறானா? பில்டிங்க கம்ப்யூட்டர்ல துண்டு துண்டா போட்டு, ஒரு துண்டு ஒரு டோக்கன், ஒரு டோக்கன் அய்யாயிரம்னு செல்போன்லயே விக்கிறான். டோக்கன் வெச்சிருந்தா மாசா மாசம் வாடகைல நமக்கும் பங்கு. நானு நாப்பது வாங்கினேன்.

யாரு பேச்சக் கேட்டு? ஜெபகுமாரு. தெனம் இங்கதான் சாப்புடுவான். கார் கம்பெனில குவாலிட்டி செக்கிங் அவன். உலகத்துல எல்லாத்துலயும் கொற கண்டுபுடிக்கிறவன், இதுல மட்டும் கண்டுபுடிக்கல. "அக்கா, நீங்க குடுக்குற வாடகைல கொஞ்சம் உங்களுக்கே திரும்பி வரும்"னான். அட, இது நல்லா கீதேன்னு தோணிச்சு. எனக்கு நானே ஓனரு. என்ன சேத்து வுட்டதுக்கு அவனுக்கு ஒரு டோக்கன் சும்மா வந்துச்சாம், அது அப்பாலதான் தெரிஞ்சுது. இப்ப ரோட்டுக்கு அந்தாண்ட ஓரமா போறான், செல்லப் பாத்துகினே.

ஏன் இப்ப துட்டு வோணும்னு கேக்கறீங்களா? கேக்கலியா? பரவால்ல, சொல்றேன். படப்பை ரோட்டுல புதுசா ஒரு கம்பெனி, ஷிப்டுக்கு இருநூறு பார்சல் கேக்குறான். பன்னெண்டு வருஷமா இந்த அடுப்பாண்ட வெந்துகினு கீறேன், இப்பிடி ஒரு ஆர்டர் வந்ததே இல்ல. ஆனா பார்சல ஏத்திகினு போவ சொந்த வண்டி வோணும்ங்கறான். பழைய குட்டி யானை லோடு வண்டி ஒண்ணு பேசி வெச்சிகிறேன். வெள்ளிக்கெழமைக்குள்ள முன்பணம் கட்டலன்னா வண்டியும் போச்சு, ஆர்டரும் போச்சு. 

டோக்கன் வித்த கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு தேன் கணக்கா பேசுது. "மேடம், அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பணம் வேணும்னா, உங்க டோக்கன வாங்க ஆள் இருந்தா ஆப்புலயே வித்துக்கலாம் மேடம்." சரின்னு அய்யாயிரத்துக்குப் போட்டேன், ஒருத்தனும் எட்டிப் பாக்கல. நாலாயிரத்துக்குப் போட்டேன். ஒருத்தன் வந்தான். வந்து, லைக் போட்டுட்டுப் பூட்டான். லைக்க வெச்சிகினு நான் இன்னா வண்டியா வாங்குறது?

நானுந்தான் இங்க டோக்கன் குடுக்குறேன், சாப்பாட்டு டோக்கன். வாங்கினவன் "வயிறு சரியில்லக்கா"ன்னா அப்பவே துட்டத் திருப்பித் தர்றனா இல்லியா? ரத்னா, தர்றனா இல்லியாடி? பாத்தீங்களா.

இன்னொரு வழி கீதாம். மூணு மாசத்துக்கு ஒரு தபா கம்பெனியே திரும்ப வாங்கிக்குமாம், பத்து பர்சன்ட் புடிச்சுகினு. சரி, புடிச்சுகினு ஒழின்னேன். அதுக்கும் ஒரு கண்டிஷன் வெச்சிகிறான். பில்டிங்குல எவனாவது வாடகை பாக்கி வெச்சிருந்தா வாங்க மாட்டானாம். கீதாம் தம்பி, பாக்கி கீதாம். யாரோ ஒரு மகராசன் மூணு மாசமா குடுக்கலியாம். பேரு போட மாட்டான், "தரைத்தள வாடகைதாரர் ஒருவர்"னு போட்டுகிறான். தரைத்தளத்துல கீறதே ரெண்டு கடை. ஒண்ணு நானு. அப்ப யாரு? காலைல பதினோரு மணிக்கு ஷட்டர் தூக்குறானே யாக்கோபு, அவன் எங்கேந்து வாடகை குடுப்பான்?

நானா? நான் ஏன் பாக்கி வெக்கப் போறேன். என் துட்டுதான் ரெண்டு லட்சம் அவனாண்ட தூங்குதே, அதுல கழிச்சுக்கோன்னு சொல்லிட்டேன். மூணு மாசமா அப்பிடித்தான். மாசா மாசம் வாடகை எங்கன்னு மெசேஜ் வரும், மாசா மாசம் "கழிச்சுக்கோ"ன்னு நான் பதில் போட்டுடுவேன். நம்ம கிட்ட எல்லாம் சுத்தம்.

ஏன் தம்பி இருமறீங்க, முள்ளா? ரத்னா, தண்ணி.

மெதுவா, மெதுவா. இன்னும் கேளுங்க. போன வாரம் ஆப்புல ஓட்டு வெச்சான். பாக்கி வெச்ச ஆள காலி பண்ணலாமா, ஆமாவா, இல்லியா. டோக்கனுக்கு ஒரு ஓட்டு. என் நாப்பதையும் ஆமால அமுக்கினேன். அது பத்துமா? மேல ஷாரோன், ஜாஸ்மின், எல்லாப் பொண்ணுங்களும் ரெண்டு மூணு டோக்கன் வெச்சிகிதுங்க. இந்த சுத்துப்பட்டுல கீறவங்கதான் பாதி பில்டிங்க வாங்கி வெச்சிகிறாங்க. "ஆமா அமுக்கிட்டு வந்து செல்லக் காட்டு, ஒரு ஆம்லெட் ஃப்ரீ"ன்னேன். கம்பெனி பஸ்ஸுல பேசிகிச்சுங்க போல, ஷிப்டு வுட்டு எறங்கினா நேரா இங்கதான். யாரு எவருன்னே தெரியாதவன்லாம் செல்ல நீட்டுறான். மூணு நாள்ல நாலு ட்ரே முட்ட. ரத்னா இன்னும் கைய ஒதறிகினு கீறா.

அதுல ஒரு கூத்து தம்பி. யாக்கோபும் வந்தான். ரெண்டு டோக்கன் வெச்சிகிறான். அவனே ஆமா அமுக்கிட்டு, வெங்காயம் தூக்கலா வோணும்னு ஆம்லெட் கேக்குறான். தனக்குத் தானே குழி வெட்டிகினு வந்து வெங்காயம் கேக்குறானேன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சிரிப்பு. பாவமாவும் இருந்துச்சு. ரெட்ட முட்டையா போட்டுக் குடுத்தேன்.

எழுந்துட்டீங்க? ரசம் ஊத்தவே இல்ல. சரி, கை கழுவ பின்னாடி. உங்களுக்கு இன்னா வேலைன்னு கேக்கவே இல்ல பாருங்க, நானே பேசிகினு கீறேன். எந்தக் கம்பெனி? ...தம்பி?

ரத்னா, அந்தத் தம்பி எங்கடி? பின்னாடி வழியாவா பூட்டான்? நூறு ரூபா வெச்சிகிறான், மீதி கூட வாங்கல. டம்ளருக்குக் கீழ இன்னாது, கவரா? வுட்டுட்டுப் போயிட்டான் பாரு... இல்ல, என் பேருதான் போட்டுக்கீது. அந்தோணிமேரி, கடை எண் ரெண்டு.

இரு, படிக்கிறேன். "மூன்று மாத வாடகை நிலுவையில் உள்ளதாலும், டோக்கன் வாக்குகளில் எழுபத்தொரு சதவீதம் ஆதரவாகப் பதிவாகியுள்ளதாலும், தாங்கள் பதினைந்து நாள்களுக்குள் கடையை..."

தாங்கள்னா யாருடி?

...கழிச்சுக்கோன்னு சொன்னேனே. மூணு தபா சொன்னேனே. அப்ப யாக்கோபு ஒழுங்கா கட்டிகினு கீறானா?

அந்த ஸ்டூல இப்பிடிப் போடு.  பன்னெண்டு வருஷம்டி. வண்டியும் வோணாம், இருநூறு பார்சலும் வோணாம், இந்த அடுப்பு போச்சுன்னா நான் எங்கடி போவேன், நீ எங்க போவ? ஏன் சிரிக்கிற? யாக்கோபுக்கு ரெட்ட முட்ட போட்டதுக்கா? சிரி, சிரி. மாதாவே.

இரு. கீழ பொடி எழுத்துல இன்னாவோ போட்டுகிறான். "நிலுவையைச் செலுத்தினால், ஏழு நாள்களுக்குள் மறு வாக்கெடுப்பு கோரலாம்." மறு வாக்கெடுப்புன்னா... திரும்பவும் ஓட்டுதானே? வாடகை பாக்கிய எப்பிடியாவது பொரட்டிக் கட்டிடலாம்.

ஏய், மொத ஷிப்டு பஸ்ஸு எத்தினி மணிக்கு வரும்? நாலா?

ரத்னா... முட்ட எத்தினி கீது பாரு.