அலசாத தலை

ஐப்பசி மாதம். இரவு ஏழரை மணி. சுண்ணாம்புக்குளம் கூட்டு ரோட்டில் ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது... அதற்கு மேல் ஓர் அடி வரமாட்டேன் என்றுவிட்டான் டிரைவர். வானம் அப்படி இருந்தது. ருக்கு இறங்கினாள். வீட்டுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். இந்தப் பக்கம் ஏரித் தண்ணீர், அந்தப் பக்கம் முள்ளுக்காடு. ஒரு விளக்கு கிடையாது. குரைக்க ஒரு நாய் கிடையாது.

தேவதாஸ், எங்கே எழுந்துவிட்டாய்? கை கழுவவா? உட்கார் அப்படியே. சோறு கையிலேயே காயட்டும், செத்துவிட மாட்டாய். வெளியே இடி நிற்கிற வரைக்கும் இங்கே ஒருத்தரும் குழாய்ப் பக்கம் போகக் கூடாது. சிரிக்கிறவர்கள் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். நம் ஜெஸ்ஸியோடு இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறாளே ஒருத்தி, அவளுடைய கூடப் பிறந்த தங்கைதான் ருக்கு.

ருக்கு இரண்டாந்தாரம். புருஷன் நீலமேகம் ஏரியில் வலை போடுகிறவன். மூத்தவள் இருசம்மாள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். அவள் விட்டுப்போனது ஐஸ்வர்யாவை மட்டும்தான். ஏழு வயசு. சித்தி என்றால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். ருக்கு அப்படி இல்லை. அந்தப் பெண் ஒரு வாய் குறைத்துத் தின்றால் இவளுக்குத் தூக்கம் வராது.

இருசம்மாள் செத்தது எப்படி? இதே மாதிரி ஒரு இடி மழையில். அதே வீட்டு பாத்ரூமில் தலைக்குச் சீயக்காய் தேய்த்துவிட்டு, அலசுவதற்குக் குழாயைத் திறந்திருக்கிறாள். மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற இரும்புக் குழாய். மின்னல் மேலே விழுந்தது, குழாய் வழியாக இறங்கி அவள் கைக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அறுத்து, துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கட்டைப் பிரிக்க யாருக்கும் மனசு வரவில்லை. எந்தச் சாவுக்கும் குளிப்பாட்டித்தான் எடுப்போம்... இவளுக்கு அது இல்லை. மேலாகத் தண்ணீர் தெளித்துப் புதைத்துவிட்டார்கள். தேய்த்த சீயக்காய் தலையோடு போய்விட்டது.

சரி, ரோட்டுக்கு வருவோம்.

ருக்கு நூறு அடி நடந்திருக்க மாட்டாள். போன் அடித்தது. ஐஸ்வர்யா.

“சித்தி... எங்க கீற?”

“வந்துட்டேன் கண்ணு. சார்ஜர்ல போட்டுக்குனு பேசாத, புடுங்கிடு. நைனா வந்துட்டாரா?”

“வர்ல. சித்தி... பாத்ரூம்ல யாரோ தண்ணி கேக்குறாங்க.”

ருக்கு போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“யாருடி?”

“தெர்ல. கதவு சாத்தி கீது. கண்ணு எரியுதாம். ஒரு சொம்பு ஊத்துன்னு சொல்றாங்க. என் பேரு சொல்லிக் கூப்புடுறாங்க சித்தி... சமையல்கட்டுக் கொழாய்ல புடிச்சி ஊத்தட்டுமா?”

“ஐயோ, வேணாம்! கொழாயத் தொடாத! கட்டில் மேல ஏறி உக்காரு, செவத்துல சாயாத. நான் வர்ற வரிக்கும்...”

பளீர் என்றது. படார் என்று ஒரு இடி. லைன் செத்துவிட்டது.

ஓடினாள். நீலமேகத்துக்கு அடித்தாள்... சுவிட்ச் ஆஃப். ஏரியில் எந்தத் திட்டில் ஒதுங்கியிருக்கிறானோ. செருப்பு வார் அறுந்தது, உதறிவிட்டு ஓடினாள். மழை கல் எறிகிற மாதிரி அடித்தது. வாயில் ஒரே பேச்சு, “எம்புள்ள, எம்புள்ள” என்று. வீடு கண்ணில் படுவதற்கு முன்னாலேயே மூக்கில் ஏறியது... சீயக்காய் வாசனை. அந்த வீட்டில் மூன்று வருஷமாக ஷாம்பு பாக்கெட்தான்.

கதவைத் தள்ளினாள். கட்டிலில் பிள்ளை இல்லை.

சமையல்கட்டில் இருந்தாள். ஒரு கையில் சொம்பு. இன்னொரு கை குழாய்க்கு நாலு விரல் தூரத்தில்.

“பாவம் சித்தி, அழுவுறாங்க...”

இடுப்போடு வாரித் தூக்கிக்கொண்டு பின்னால் விழுந்தாள் ருக்கு. விழுந்தபோதே மேலே வெடித்தது. குழாய் வாயில் நீலமாக ஒரு பொறி... சுவர் முழுக்க இரும்பு ‘ணங்ங்...’ என்று அதிர்ந்தது. கருகல் நாற்றம். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. மாரியாத்தா!

கட்டிலை அறை நடுவில் இழுத்துப் போட்டு, பிள்ளையை மடியில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பாத்ரூமுக்குள்ளே சொட்... சொட்... சொட்.

“ஒரு சொம்பு... கண்ணு எரியுது...”

பயத்தில் ருக்குவுக்குப் பல் கிட்டிப்போனது. ஆனாலும் பேசினாள். பேசாவிட்டால் அது மறுபடியும் பிள்ளையைக் கூப்பிடுமே!

“அக்கா... இடி நிக்கட்டும்க்கா. நானே ஊத்துறேன். புள்ளையக் கூப்புடாத. உன் கால்ல உழுறேன்.”

சொட்டுகிற சத்தம் நின்றது.

இடி விடவே கூடாது என்று ஒரு பொம்பளை வேண்டிக்கொண்டு பார்த்திருக்கிறீர்களா? ருக்கு வேண்டிக்கொண்டாள். ஆனால் அது கிழக்கே கடல் பக்கம் நகர்ந்து, உறுமி, தேய்ந்துபோனது. பிள்ளை மடியிலேயே தூங்கிவிட்டது. தவளைகூடக் கத்தவில்லை.

“நின்னுடுச்சி... ருக்கு.”

“கடைசி இடிக்கு அப்பறம் அரை மணி நேரம் பொறுக்கணும்க்கா. ஸ்கூல்ல டீச்சர் சொல்லிக் கீறாங்க.”

பேயிடமே தவணை சொன்னாள், பாருங்கள் அவள் நெஞ்சழுத்தத்தை! அதுவும் பொறுத்தது. அந்த அரை மணி நேரமும் கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்ததாம்.

பிறகு எழுந்தாள். காலையில் பிடித்துவைத்த பிளாஸ்டிக் பக்கெட் தண்ணீர். பிள்ளை இருந்த அறையை வெளியே தாழ் போட்டாள். பாத்ரூம் கதவை ஒரு சாண் திறந்தாள். உள்ளே கும்மிருட்டு. கையை மட்டும் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள்.

தண்ணீர் தரையில் விழவில்லை.

முடியில் விழுகிற சத்தம் தெரியும்தானே? அந்தச் சத்தம்தான். ஒரு சொம்பு. இரண்டு சொம்பு. பக்கெட் காலியாகும் வரைக்கும் ஊற்றினாள். உள்ளே நீளமாக ஒரு பெருமூச்சு. “அப்பாடா...”

முடிந்தது என்று கையை இழுத்தாள். வரவில்லை. வழுவழுவென்று, சில்லென்று, ஐந்து விரல் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

“புள்ள தலயும் அழுக்கா கீது ருக்கு. அவளயும் அனுப்பு... தேச்சி உடுறேன்.”

எப்படிக் கையை உருவினாள், எப்படிப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. விடியற்காலை நீலமேகம் வந்து பார்த்தபோது, வேலி ஓரம் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். அவன் பாத்ரூமைத் திறந்து பார்த்தான். ஒரு பக்கெட் ஊற்றின தரை... காய்ந்து கிடந்தது.

அன்றைக்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு காட்டூருக்கு வந்துவிட்டார்கள். ஐஸ்வர்யாவுக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடம் போகிறாள், வாயாடுகிறாள். இடி இடிக்கிற ராத்திரியில் மட்டும் ருக்கு தூங்குவதில்லை. விளக்கை வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருப்பாளாம்.

ஏனென்றால் அந்தப் பெண் தூக்கத்திலேயே எழுந்து உட்காருகிறாள்... கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள்... கழுத்தை வாகாக முன்னால் வளைத்துக் கொடுக்கிறாள். ஜன்னல் எல்லாம் சாத்தின அறை. காற்றே இல்லை. அவள் முடி மட்டும், உச்சியிலிருந்து மெதுவாக, இப்படியும் அப்படியுமாக அசைகிறதாம்.